எங்கள் கட்டிலில் தூங்கிய மீன்காரம்மா

நாங்கள் குட்டி யானையில் குடியிருக்கிறோம் என்றால் யாரும் உடனே நம்புவதில்லை. சின்ன சரக்கு வண்டிதான். லாரி பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்த தகரப் பெட்டி ஒன்று அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் மடக்குக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன், துணிமணிக்கு இழுப்பறை. அதுதான் வீடு.

என் கணவர் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்ப்பவர். தஞ்சாவூரில் வாடகை வீட்டில் இருந்த காலத்தில் மாதத்தில் பாதி நாள் அவர் வெளியூரில்தான். அறுவடை என்றால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் எடை போடும் களங்கள். மற்ற நாளில் நாகூர், தரங்கம்பாடி என்று மீன் விற்கும் கரைகள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு, வீட்டுக்காரர் வீட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொன்னார். வேறு வீடு தேடி அலைந்து அலுத்துப்போன ஒரு சாயங்காலம், நானும் உங்களோடு வண்டியிலேயே வந்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு அளவு டேப்பை எடுத்துவந்து, என்னைத் தரையில் படுக்கச் சொல்லி அளந்தார்.

போகிற இடமெல்லாம் வேடிக்கை பார்க்க ஆள் வரும். ஆண்கள் மைலேஜ் கேட்பார்கள். பெண்கள் காலையில் எங்கே போவீர்கள் என்று தணிந்த குரலில் கேட்பார்கள். பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்டு என்று சொல்வேன். முகத்தைச் சுளிப்பார்கள், ஆனாலும் திரைச்சீலையை விலக்கி ஒருமுறை எட்டிப் பார்க்காமல் போகமாட்டார்கள். அவர்களுக்கு என் வீடு எவ்வளவு அதிசயமோ, எனக்கு அவர்கள் கேட்கும் கேள்விகள் அவ்வளவு அதிசயம்.

தரங்கம்பாடியில் ஒரு பூவரசு நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் கடற்கரைக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தலையில் மீன் அன்னக்கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கூடையை இறக்கி வைத்தாள்.

"உள்ள வந்து பாக்கலாமாக்கா? மேல மீன் வாடை அடிக்கும், பரவால்லையா?"

"அதனால என்ன, வாங்க."

கை கால் கழுவிக்கொண்டு ஏறினாள். இழுப்பறை ஒவ்வொன்றையும் திறந்து மூடினாள். அடுப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு, அதுவரை யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டாள். "நீங்களும் அண்ணனும் சண்டை போட்டுக்கிட்டா யாரு எங்க போவீங்க?"

அவர் இறங்கிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிலில் கொஞ்சம் படுத்துப் பார்க்கட்டுமா என்றாள். படுத்தாள். நான் வெங்காயத் தோலை வெளியே கொட்டிவிட்டுத் திரும்புவதற்குள் லேசான குறட்டை கேட்டது.

எழுப்ப மனம் வரவில்லை. ஆனால் கூடையில் மீன் இருந்தது, மரத்தில் காக்கை இருந்தது. ஈரச் சாக்கை இழுத்து மூடி, கையில் விசிறியோடு காவலுக்கு உட்கார்ந்தேன். ஒயர் கூடையோடு ஒரு பெரியவர் வந்து சங்கரா என்ன விலை என்றார். எனக்குத் தெரியாது என்று உள்ளே கை காட்டினேன். எட்டிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தி, "தூங்கட்டும்மா, நிக்கிறேன்" என்றார். அடுத்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்புறம் இன்னும் சிலர். எல்லோரும் வாடிக்கைக்காரர்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு நிழலில் ஒதுங்கிக் கிசுகிசுவென்று பேசினார்கள். என் வீட்டை அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை. அவள் தூங்குவதைத்தான் பார்த்தார்கள். பகலில் அவளை அப்படி யாரும் பார்த்ததே இல்லையாம்.

வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்த என் கணவர், எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று தராசுப் பையோடு ஓடிவந்தார். உதட்டில் விரல் வைத்து அவரை நிறுத்தினேன். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், பையை இறக்கி வைத்துவிட்டு மர வேரில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் தானாகத்தான் விழித்தாள். வாசலில் இத்தனை முகங்களைக் கண்டும் வெட்கப்படவில்லை. கொண்டையை முடிந்துகொண்டு இறங்கி, எங்கள் பின்படியிலேயே உட்கார்ந்து வியாபாரத்தை ஆரம்பித்தாள். கூடை காலியானது. எப்படி அப்படித் தூங்கிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"தெரியலக்கா. கூரை கைக்கு எட்டுற மாதிரி கிட்டக்க இருந்துச்சா, அப்படியே கண்ணு சொக்கிருச்சு." பிறகு என் கணவரிடம் திரும்பினாள். "ஜன்னல் தெருவப் பாத்துக்கிட்டு இருக்கு. வண்டியக் கடலுக்குத் திருப்பிப் போடுங்கண்ணே, காத்து வரும்."

அவர் திருப்பிப் போட்டார். அடுப்பு அணைந்துபோகும் அளவுக்குக் காற்று வந்தது. சாப்பிட்டுவிட்டு நானும் மல்லாந்து படுத்து, கையை நீட்டிக் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். இத்தனை காலம் அதன் கீழே படுத்திருந்தும் அது அவ்வளவு கிட்டக்க இருப்பதை ஒரு குறையாகத்தான் நினைத்திருந்தேன். தலையணையில் மீன் வாடை இருந்தது. தூக்கம் வரவில்லை.

சில மாதம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் போனபோது அவள் தன் நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவளை உள்ளே ஏற்றி, கட்டிலை மடக்கிக் காட்டினாள், விளக்கைப் போட்டுக் காட்டினாள், மழைக்குத் தகரம் எப்படிச் சத்தம் போடும் என்றுகூடச் சொன்னாள். அவள் ஒரு மழையிலும் அதற்குள் இருந்ததில்லை. நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன சத்தம் சரியாகத்தான் இருந்தது.