நானோவுக்கு ஒரு உத்தரியம்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு டிரைவர் வேலை. ராமநாதபுரம் ஸ்டேஷனில் இறங்கிய ஒரு பேராசிரியை அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பாம்பன் போனேன். வழியெல்லாம் மடியில் ஏதோ தாள்களைத் திருத்திக்கொண்டே வந்தார் அவர். பரீட்சை எழுதப் போவது நான்தான் என்பது போல அவர் முகத்தையே கார்க் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

பரீட்சை எனக்கல்ல, ஜெனிட்டாவுக்கு. என் நண்பன் அந்தோணியின் மகள். அவன் வல்லம் என்கிற நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன். அவள் சென்னையில் நானோ ஆராய்ச்சி செய்கிறாள். இந்தப் பேராசிரியைதான் கைடு. அவர் தலையாட்டினால்தான் தீசிஸ் கொடுக்க முடியும்.

நானோ என்றால் அந்தக் குட்டிக் கார் இல்லை! தலைமுடியை ஆயிரமாக வகிர்ந்தால் எப்படியோ, அவ்வளவு மெல்லிய துத்தநாக ஆக்சைடு இழைகள். அவற்றைக் கட்டைவிரல் நகமளவு தகட்டில் வளர்த்திருந்தாள். வளைத்தால் மின்சாரம் வரும். லேபில் பிரமாதமாக வந்தது. கைடு விடவில்லை. “உங்க அப்பா வல்லத்துல ஒட்டிக் காட்டு. அலை தட்டி கரன்ட் வரட்டும், அப்புறம் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டார்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து பாதி ஊர் கரையில் கூடிவிட்டது. முழங்கால் தண்ணீரில் வல்லம். கைடும் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினார். அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, லேபில் வைக்கிற இரும்புப் பெட்டியை விட்டுவிட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடிக்குள் தகட்டை வைத்து வல்லத்தின் விளிம்பில் ஒட்டியிருந்தாள் ஜெனிட்டா. அலை தட்டியது. மீட்டரில்...? முட்டை!

வயரை மாற்றினாள். அப்போதும் முட்டை. கைடு உதட்டைப் பிதுக்கினார். இத்தனை வருஷ உழைப்பும் போச்சு என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

அவள் அம்மா ரீத்தாவுக்குப் பொறுக்கவில்லை. “அம்புட்டுப் பேரு கண்ணும் பட்டுப்போச்சு” என்று தண்ணீரில் இறங்கினாள். கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றினாள். மாதாவின் காவல் என்று கத்தோலிக்கர்கள் கயிற்றில் கோத்து அணிவார்களே, தடித்த பழுப்புத் துணிச் சதுரம் — அதுதான். அந்தோணி புது எஞ்சின் வாங்கியபோதும் அதை மேலே வைத்து ஜெபித்துத்தான் கடலுக்கு அனுப்பினாள். வேறெதற்கும் கழற்றமாட்டாள். இப்போது மூடியின் மேல் வைத்தாள்.

“எம்மா, மானத்த வாங்காத! எடும்மா!”

“சும்மா கெடடி. மாதா பாத்துக்கிருவாக.”

ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள். பாதி மாலை ஓடியிருக்கும். ஒரு அலை தட்டியது... மீட்டர் துள்ளியது!

“மரியே வாழ்க!” என்று கரையே கத்தியது. ஜெனிட்டா மட்டும் கத்தவில்லை. துணியைத் தூக்கினாள் — எண் சரிந்தது. மூடினாள் — மெல்ல ஏறியது. மறுபடி தூக்கினாள்.

“வெயில், மேடம்!”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்: “மாமா, வளையுறப்போ இழையில சார்ஜ் பொறக்குது. வெயில் பட்டா உள்ள எலக்ட்ரான்க அவுந்து ஓடிவந்து அத அமுக்கிருது. மறைச்சா அதுக மெல்ல மெல்லத்தான் அடங்கும். பெரிய பொருள்னா ஆளுக்கொரு மூலையில கெடக்கும். நானோன்னா ஒத்த ரூம் வீடு மாதிரி. ஒருத்தர் இருமுனா எல்லாரும் முழிச்சுக்கிருவாக.”

லேபில் எப்போதும் இருட்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்ததால் வெயிலின் கைவரிசை தெரியவே இல்லையாம். “இதுதான் உன் கடைசி அத்தியாயம். எழுதிக் கொடுத்துடு” என்றார் கைடு. முதல் தடவையாகச் சிரித்தார்.

ஜெனிட்டா தண்ணீரிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். “வெயில மறைச்சதுனாலதாம்மா வந்துச்சு...”

“நானும் அதத்தானடி சொல்றேன். மறைச்சது யாரு?”

எனக்கும் கண் கலங்கிவிட்டது. காரணம் புரியாமலேயே நமக்காகக் கழுத்தில் கிடப்பதைக் கழற்றி வைக்கிற மனுஷர்கள் எத்தனை பேர்! அவர்களால்தானே நம்மில் பலர் கரையேறியிருக்கிறோம்? எனக்கு அப்படி வைத்த எல்லாருக்கும் அங்கேயே மனசுக்குள் நன்றி சொன்னேன்.

திரும்பும்போதும் கைடு தாள்களை எடுத்துக்கொண்டார். பாலம் தாண்டியதும் மெல்லக் கேட்டார்.

“சார், அந்தத் துணி எங்கே கிடைக்கும்? இன்னும் நாலு பிள்ளைங்க தீசிஸ் பாக்கி இருக்கு...”