தெனாவட்டு என்றால் என்ன?

இன்று பக்கத்து வீட்டில் நெத்திலி வறுக்கிற வாசனை வந்ததும், ராயபுரத்தில் இப்போது லாரிகள் நிற்கிற இடத்தில் அந்தக் காலத்தில் இருந்த எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கோயிலும், அதன் வாசலில் கூடை இறக்கி மீன் விற்ற என் அத்தை ரோசம்மாளும் நினைவுக்கு வந்துவிட்டார்கள்.

வாசலில் மீன் நாறுகிறது என்று, கோயில் காரியங்களைப் பார்த்துவந்த உபதேசியார் விரட்ட, கடலும்தான் நாறுது, அதையும் தொரத்து என்றாள் அத்தை. அவர் நேரே பங்குச் சாமியாரிடம் போய், "தெனாவட்டு புடிச்ச பொம்பள சாமி, இங்க விக்க வுடாதீங்க" என்று முறையிட்டார்.

கப்பலில் வந்திறங்கிச் சில மாதமே ஆகியிருந்த வெள்ளைக்காரச் சாமியார் அத்தையைக் கூப்பிட்டனுப்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் உள்ளே போனாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "தெனாவட்டு என்றால் என்ன பொருள்?" என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு வைத்திருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னா சாமி, நின்னுகினே கீறே? குந்து" என்றாள்.

சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "புரிந்தது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?"

"எங்க வூட்லேர்ந்துதான் சாமி."

மறுநாளும் கூடை வாசலிலேயே இருந்தது. உபதேசியார்தான் பின்வாசல் வழியாக வரப் பழகிக்கொண்டார்.