உப்புப் படாத வண்டி

வெர்னாவின் பழைய பிக்கப் வண்டிக்குப் பின்சக்கரங்களில் மட்டும்தான் இழுவை. முன்சக்கரங்கள் இரண்டும் சும்மா உருளும். நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் ஏரிப் பனி கொட்டித் தீர்க்கிற அந்த வட மிச்சிகன் ஊரில் அப்படியொரு வண்டியைக் குளிர்காலத்தில் ஓட்டுகிறவர்கள் வேறு வழியில்லாதவர்களாக இருப்பார்கள், அல்லது பிடிவாதக்காரர்களாக இருப்பார்கள். வெர்னா இரண்டிலும் சேர்த்தி. பெட்ரோல் பங்கில் நிற்கிறவர்கள், “இது ஃப்ளோரிடா வெயிலுக்குப் போற வண்டியாச்சே, வழி தப்பி வந்துடுச்சா?” என்று சீண்டுவார்கள். அவள் பின்தொட்டியில் அச்சுக்கு நேர்மேலே அடுக்கிய மணல் மூட்டைகளை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அந்தப் பாரம் இல்லாவிட்டால் வண்டியின் பின்புறம் நாய் வாலைப் போல ஆடும்.

கணவன் கிளென்னும் அவளும் பிரிந்தபோது அவள் பங்குக்கு வந்தது அந்த வண்டி. கூடவே, யாரும் கேட்காமல், கிளென்னின் அப்பா ஆர்வோவும் வந்து சேர்ந்தார். அவர் எதிர்வீட்டுக்காரர். இரண்டு வருஷமாக அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் நகரத்து மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பு. வெர்னா அதே மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். “நீ போற வழிதானே” என்றார்கள் எல்லோரும். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. மற்ற நாட்களில் விடியுமுன் வாசல் பனியை அவள் தள்ளுவதும், வேலை முடிந்த பிறகும் அவருக்காகக் காத்துக் கிடப்பதும் யார் கண்ணிலும் படவில்லை. போகிற வழியாம். அந்த வார்த்தையை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிழவர் நன்றி சொல்கிற ஜாதியில்லை. மரம் ஏற்றும் லாரியை முப்பது குளிர்காலம் ஓட்டியவர். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக்கைத் தொடாதே, வளைவில் அவசரப்படாதே என்று ஓதிக்கொண்டே வருவார். அதையும் அவள் பொறுத்துக்கொள்வாள். “கிளென் வண்டில நாலு சக்கரமும் இழுக்கும். உள்ள உக்காந்தா சோபா மாதிரி இருக்கும்” என்று ஆரம்பிப்பார் பாருங்கள், அப்போது அவள் தாடை இறுகும். சோபா மாதிரி இருக்கிற அந்த வண்டியில் அவரை ஒருநாள்கூட மருத்துவமனைக்கு அவன் ஏற்றிக்கொண்டு போனதில்லை. கேட்டால் வேலை என்பான், முதுகுவலி என்பான்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. ராத்திரியெல்லாம் கொட்டிய பனியின் மேல் காற்று வேறு. வழியிலிருக்கும் கல்குவாரி மேட்டில் ஏறும்போது வேகத்தை விடக் கூடாது. பாதியில் நின்றால் பின்சக்கரம் சுழலுமே தவிர வண்டி நகராது. வெர்னா கீழேயிருந்தே சீராக வேகம் பிடித்து வந்தாள். பாதி மேட்டில் முன்னால் போன கார் திடீரென்று நின்றுவிட்டது. இவளும் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்தக் கார் எப்படியோ திணறிப் போய்விட்டது. வெர்னாவின் வண்டி பின்னாலேயே சறுக்கிக்கொண்டு போய் ஓரத்துப் பனிக்குவியலில் பின்புறத்தைச் சொருகிக்கொண்டது.

“கிளென்னக் கூப்பிடு. அவன் வீடு இங்கதானே, வந்து இழுத்துடுவான்” என்றார் ஆர்வோ.

அவளுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சிகிச்சைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கூப்பிட்டாள். கிழவரும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் வைத்தாள்.

கிளென் கொட்டாவி விட்டான். “பனி உருகறதுக்கு இப்பதான் ரோட்டுல உப்புப் போட்டுட்டுப் போறாங்க வெர்னா. புது வண்டி. உப்புப் பட்டா அடியெல்லாம் துருப்புடிச்சுடும். நவம்பர்ல கொட்டகைக்குள்ள விட்டது, ஏப்ரல்லதான் வெளிய எடுப்பேன். இழுவை வண்டிக்குச் சொல்லிடு.”

இரண்டு குளிர்காலமாக அவன் சொன்ன சாக்குகளின் பின்னால் இருந்தது இதுதான். பெற்ற அப்பனைவிடத் தகரம் பெரிதாகப் போய்விட்டது. வெர்னா கிழவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “அவன் சொல்றதும் சரிதான். புது வண்டியில்லையா” என்றார்.

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள். மண்வெட்டியை எடுத்துச் சக்கரத்தைச் சுற்றியிருந்த பனியை வெட்டி எறிந்தாள். ஒரு மூட்டையைக் கிழித்து மணலை வாரி இறைத்தாள். வண்டியை மெல்லப் பின்னால் அடிவாரம் வரைக்கும் இறக்கி, மறுபடி வேகம் பிடித்து மேட்டில் ஏறினாள். இந்தத் தடவை நிற்கவில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது தாமதமாகிவிட்டிருந்தது. அன்றைக்கு ஆர்வோவுக்குப் பாதிச் சிகிச்சைதான் கிடைத்தது.

திரும்பி வரும்போது குவாரி மேடு தாண்டியதும் கிளென் வீட்டு வாசலுக்கு வண்டியைத் திருப்பினாள். ஆர்வோ எதற்கு என்று கேட்டார். அவள் இறங்கி, தன் வீட்டுப் படியில் பனி உருகப் போட வாங்கி வைத்திருந்த கல்லுப்பு மூட்டையைத் தொட்டியிலிருந்து தூக்கிக்கொண்டாள். கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே கதகதப்பாக ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. கருநீல வண்டி முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. இவள் கையுறை நனைந்து விறைத்திருந்தது. வண்டிக்குக் குளிரக் கூடாதாம்.

மூட்டையைக் கிழித்து, கை நிறைய அள்ளி, வண்டியின் மூக்கில் எறிந்தாள். கண்ணாடியில், கூரையில், தொட்டியில் எறிந்தாள். கல்மழை பெய்கிற மாதிரி சடசடவென்று விழுந்தது. சத்தம் கேட்டு கிளென் வெறும் காலுறையோடு ஓடி வந்தான்.

“பைத்தியமா உனக்கு? பெயிண்ட் போகுது!”

“உப்புப் பட்டாச்சு. இனிமே நீ பயப்பட ஒண்ணுமில்ல. வெளிய எடு.”

“போலீஸக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடு. அப்பாவ நடு மேட்டுல விட்டுட்டு வண்டியப் போத்தி வெச்சேன்னு நீயே அவங்ககிட்ட சொல்லு.”

அவன் கூப்பிடவில்லை. அதற்குள் ஆர்வோ பிக்கப்பின் கண்ணாடியை இறக்கியிருந்தார். சிகிச்சை முடிந்த களைப்பில் குரல் மெலிந்திருந்தது.

“சனிக்கிழமை நீ வா, கிளென். நீ வரலன்னா நான் போகல.”

போகாவிட்டால் என்ன ஆகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

சாலைக்கு வந்ததும் வெர்னா வெடித்தாள். “இந்த ஒரு வார்த்தைய ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என் ஒவ்வொரு சனிக்கிழமையும் உங்களோட போச்சே.”

கிழவர் தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினார். அப்புறம் சொன்னார். “கேக்காத வரைக்கும் அவன் மாட்டேன்னு சொல்லல. கேட்டு, மாட்டேன்னுட்டா?”

அவளுக்குக் கோபம் குறையவில்லை. அது மகன்மேல் போவதா அப்பன்மேல் போவதா என்று தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து கொதித்தது.

சனிக்கிழமை காலையில் கருநீல வண்டி வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. அடுத்த சனியும் வந்தது. இவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் அப்பாவை ஏற்றிக்கொண்டு போவான், திரும்பக் கொண்டுவந்து விடுவான். ஆர்வோ செவ்வாய்க்கிழமைகளில் வெர்னாவிடம், அவன் வளைவில் ரொம்பத்தான் வேகமாகத் திருப்புகிறான் என்று குறை சொன்னார். சோபா பேச்சு நின்றுபோனது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் கிளென் அவள் கதவைத் தட்டினான். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிற போட்டியாம். நண்பர்கள் காத்திருக்கிறார்களாம். இந்த ஒரு தடவை மட்டும் அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் போதுமாம்.

“உனக்கென்ன, பழகின வேலதானே வெர்னா” என்று இளித்தான்.

அவன் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழிட்டாள். கதவின் மேல் கை வைத்தபடியே நின்றாள். வெளியே அவன் ஏதோ திட்டினான். பிறகு பனியில் காலடிகள் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போயின. ஆர்வோவின் கதவு திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.