ஊருக்கு முதுகு காட்டிய வண்டி

ஹனீபா பாயைக் கடைசிக் காலத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் ஒரு சிடுமூஞ்சி. அருப்புக்கோட்டை பஜாரில் அவரிடம் வேலை கொடுத்துவிட்டு முகம் சுளிக்காமல் திரும்பியவர்கள் குறைவு. இப்படிச் செய்தால்தான் சரியாக வரும், இல்லையென்றால் வேறு கடையைப் பாருங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவார். டிவி ஆன்டெனா மாட்டக் கூப்பிட்ட வீட்டில், அந்த மூலையில் வடகம் காயப்போடுவோமே என்று யாராவது இழுத்தால் போதும், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

அவர் கடைக்கு அடுத்த இரும்புக் கடை என்னுடையது. அவர் இறந்து, மையத்தை எடுத்த அன்று வாசலில் நின்ற ஒருவர், "நல்ல மனுசன்தான், வாய்தான் சரியில்ல" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. சாவு வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூட வேண்டியதில்லை.

அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. இளவயதில் அவரைப் போல மெதுவாகப் பேசுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுக்குச் சபர் போய், ஷார்ஜாவில் ஒரு லாரி கம்பெனியில் வேலை பார்த்தார். பாலைவனத்தில் ஓடுகிற லாரிகளுக்கு வயர்லெஸ் பெட்டி மாட்டுவதும் அதற்கு ஆன்டெனா வைப்பதும்தான் வேலை. அவருடைய வாப்பா விழுந்து படுத்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை போட்டார். கொடைக்கானலில் டிவி டவர் வந்ததும் ஊரில் பாதி வீட்டு மொட்டை மாடியில் அவர் நட்ட குழாய்தான் நின்றது. முடியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வராது. முடியாத வேலைக்கும் "பாப்போம் அண்ணாச்சி" என்பார். அவர் மனைவி ரசூல் பீவி, "இவுகளுக்கு மறுத்துப் பேசுற நரம்ப அல்லா வைக்கவே இல்ல" என்று கேலி செய்வார். கேலியாகத்தான் இருந்தது அப்போது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி வண்டி வந்தது. கொடுத்தவர் நூல் கடை நவநீதகிருஷ்ணன். அவருடைய தாயார் முத்துமாரியம்மாள் மல்லாங்கிணறுக்கு ஒரு விசேஷத்துக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து, ஏற்றிவர ஒரு வாகனம் கிடைக்காமல் அங்கேயே போய்விட்டார். இன்னொரு வீட்டுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று தாயார் பெயரில் ஒரு மெட்டடார் வேன் வாங்கிச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். எந்தக் கிராமத்துத் தபாலாபீசிலிருந்து போன் வந்தாலும், சங்கத்தில் உட்கார்ந்திருக்கும் ராஜகுரு வயர்லெஸ்ஸில் வண்டியைக் கூப்பிட்டு அந்த ஊருக்குத் திருப்பிவிட வேண்டும். அதுதான் ஏற்பாடு. வயர்லெஸ் லைசென்சு டெல்லியிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாருக்கும் போதும் போதுமென்றாகிவிட்டது. சங்கத்து மாடியில் உயரமான குழாய் நட்டு ஹனீபா பாய் ஒரு ஆன்டெனாவை ஏற்றினார். வண்டிக்கு ஒன்று வைக்க வேண்டியதுதான் பாக்கி.

வண்டி பூசை முடிந்து சங்கத்து வாசலில் நின்றது. நெற்றியில் சந்தனப் பொட்டு, முன் கண்ணாடிக்கு உள்ளே அம்மாளின் படம், கூரை முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்த கறை. ஹனீபா பாய் மேலே ஏறி, கூரையின் நட்டநடுவில் சாக்பீஸால் ஒரு குறி போட்டார். நாலு பக்கமும் தகரம் சமமாக விரிந்திருக்கிற இடத்தில் கம்பி நின்றால்தான் எல்லாத் திசைக்கும் ஒன்றுபோலப் பேசும், கேட்கும். குறி மேல் துளைபோடும் மெஷினை வைக்கப் போகும் நேரத்தில் நவநீதகிருஷ்ணன் வந்து சேர்ந்தார்.

"பாய், பூசை போட்ட வண்டி. நடு உச்சியில ஓட்டை போடுறது எங்கம்மா தலையிலயே போடுற மாதிரி இருக்கு. வேற எங்கயாச்சும் வையுங்களேன்" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

ஹனீபா பாய் மெஷினைக் கீழே இறக்கிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை வாதாடியிருப்பார்கள். இவர் வாதாட மாட்டார், அதிலும் இந்த இடத்தில் நிச்சயமாக மாட்டார். இன்னொருவர் சாமி கும்பிட்ட வண்டி, செத்துப்போன தாயின் பெயர். அதில் போய், நான் சொல்வதுதான் சரி என்று ஒரு பாய் நின்றால் அது மரியாதையாகாது என்று நினைத்தார். நவநீதகிருஷ்ணன் ஒன்றும் தப்பாக நினைக்கிறவர் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒருவருக்கொருவர் அப்படித்தான் பார்த்துப் பார்த்து நடந்துகொள்வோம். அந்தப் பதவிசை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பஜாரில் பக்கத்துப் பக்கத்தில் கடை வைத்துப் பிழைக்க முடியாது.

துளை வேண்டாமென்றால் காந்தத்தில் ஒட்டுகிற ஆன்டெனா இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தார். கிராமத்துப் பாதையில் இரண்டு பக்கமும் கருவேல மரம் கவிந்து கிடக்கும். போன வழியிலேயே ஒரு கிளை அதைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டது. கூரை ஓரத்து மழைத் தண்ணீர் வாய்க்காலில் கிளிப் போட்டு மாட்டிப் பார்த்தார். அதை முள்ளு கிளிப்போடு பிய்த்துக்கொண்டது. கடைசியில் பின்பக்கத்து பம்பரில் ஒரு ஸ்பிரிங் வைத்து, கொஞ்சம் நீளமான கம்பியாகப் பார்த்து நட்டார். அதற்கு போல்ட்டு, நட்டெல்லாம் என் கடைச் சரக்குதான். நீளமான கம்பியென்றாலும் கூரை உயரத்துக்கு அது எட்டவில்லை. கம்பிக்கு முன்னால் வண்டியின் உடம்பு முழுசும் தகரச் சுவராக நின்றது. பின்பக்கத்துக்கு நன்றாகக் கேட்கும், முன்பக்கத்துக்குச் சுவர் மறைக்கும். அதாவது ஊரை விட்டுப் போகும்போது கேட்கும், ஊரைப் பார்த்துத் திரும்பும்போது கேட்காது.

இது ஹனீபா பாய்க்கு நன்றாகத் தெரியும். நவநீதகிருஷ்ணனிடம் அவர் சொன்னது, திரும்பி வரும்போது கொஞ்சம் சத்தம் குறையும் அண்ணாச்சி என்றுதான். கொஞ்சம்! இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. சரி, கொஞ்சந்தானே என்று அவரும் போய்விட்டார்.

வண்டிக்கு டிரைவர் தனுஷ்கோடி. பரளச்சிப் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு சின்ன ஊர்க்காரர். வெகுகாலம் லாரி ஓட்டியவர். ஓட்டிய முதல் வாரத்திலேயே வண்டியின் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு ஒரு வைத்தியமும் அவரே கண்டுபிடித்தார். ஊர் திரும்பும்போது, வழியில் கிராமத்துக்குப் பாதை பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் வண்டியை அப்படியே வளைத்து, அருப்புக்கோட்டைக்கு முதுகைக் காட்டி நிறுத்துவார். மைக்கை எடுத்து, "ராஜகுரு, ஏதும் போன் வந்துச்சா?" என்று கேட்பார். இல்லையென்றால் மறுபடி வளைத்துக்கொண்டு வருவார். வண்டிக்கு வழி மறந்துபோச்சா என்று பஸ் டிரைவர்கள் கேலி செய்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அப்படி நின்று கேட்டதில் பிழைத்தவர்கள் சுத்துப்பட்டு ஊர்களில் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஹனீபா பாய் அவரைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். தன் குறையை இந்த மனிதர் சுமக்கிறார் என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. பாலவனத்தம் ஊரில் கட்டிக்கொடுத்திருந்த தனுஷ்கோடியின் மகள் சுப்பம்மாள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே பிள்ளை. தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நர்சம்மா சொல்லியிருந்ததால் தனுஷ்கோடி வண்டிக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பரளச்சிக்கும் அப்பால் கடலைக்காட்டில் ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. அவரை ஏற்றிக்கொண்டு திரும்பினார் தனுஷ்கோடி. காலெல்லாம் வீங்கி, அந்த ஆளுக்கு வாயில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இந்த நிலைமையில் எந்த விலக்கில் நின்று வண்டியை வளைப்பது? நேராக ஓட்டினார். தன் ஊர் விலக்கையும் அப்படியே தாண்டினார்.

அதற்குச் சற்று முன்னால்தான் சுப்பம்மாளுக்கு ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. அவள் தாய்மாமன் ஆண்டிச்சாமி தபாலாபீசுக்கு சைக்கிளில் பறந்துபோய்ச் சங்கத்துக்குப் போன் போட்டான். வண்டி அந்த ரோட்டில்தான் வந்துகொண்டிருக்கிறது, பிள்ளையை அசைக்காமல் வீட்டிலேயே வைத்திருங்கள், வாசலுக்கே அனுப்புகிறேன் என்றான் ராஜகுரு. எப்போதும் போல தனுஷ்கோடி விலக்கில் நின்று கேட்பார் என்று நம்பித்தான் சொன்னான், அவன் சொன்னதில் தப்பே கிடையாது. இடையில் டவுனுக்குப் போகிற பஸ் ஊருக்குள் வந்து நின்றிருக்கிறது. ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கண்டக்டரே கேட்டிருக்கிறார். தாய் வெள்ளைத்தாய்தான், "வேணாம்யா, அவுக வண்டி இந்தா வருது" என்று அனுப்பிவிட்டாள். சொந்த அப்பன் ஓட்டுகிற வண்டி வரும்போது யார்தான் பஸ்ஸில் ஏற்றுவார்கள்? விலக்கில் மெட்டடார் வருகிற சத்தம் வீட்டுக்கே கேட்டது. அப்பா வந்துட்டாக, அப்பா வந்துட்டாக என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சத்தம் நிற்காமல் போய்த் தேய்ந்துவிட்டது.

ராஜகுரு தொண்டை கட்டுகிற மட்டும் கூப்பிட்டிருக்கிறான். வண்டிக்குள் கரகரவென்ற இரைச்சல்தான். ஆஸ்பத்திரி வாசலில் பாம்பு கடித்தவரை இறக்கும்போது அவன் சைக்கிளில் வந்து விழுந்து விஷயத்தைச் சொன்னான். தனுஷ்கோடி வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தார். போகும்போது ராஜகுருவின் குரல் கணீரென்று கேட்டதாம், டாக்டரம்மாவைச் சொல்லி வைத்துவிட்டேன் அண்ணே என்று. மகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ரத்தம் நிற்கவில்லை, ரத்தத்துக்கு ஆள் பிடித்து வை என்று வழி நெடுக மைக்கில் கத்திக்கொண்டே ஓட்டினார். ஒரு வார்த்தையும் இங்கே வந்து சேரவில்லை. டவுன் எல்லைக்கு வருவதற்குள் சுப்பம்மாள் போய்விட்டாள். வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

பாம்பு கடித்தவர் பிழைத்துக்கொண்டார். கருமாதிக்கு வந்தவர் வீட்டுக்குள் நுழையக் கூசிக்கொண்டு வேப்பமரத்தடியிலேயே நின்றார்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் நவநீதகிருஷ்ணன் அந்த வண்டியோடு ஹனீபா பாய் கடைக்கு வந்தார். தனுஷ்கோடிதான் ஓட்டிவந்தார். நவநீதகிருஷ்ணன் ஆளே பாதியாகியிருந்தார். "நடு உச்சியிலயே போடுங்க பாய்" என்றார். பிறகு, "அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"உங்கம்மா பேரு அண்ணாச்சி. எப்படிச் சொல்லுவேன்" என்றார் ஹனீபா பாய். சொல்லிவிட்டுத் தனுஷ்கோடி பக்கம் திரும்பினார். "எனக்குத் தெரியும்ணே. பின்னாடி வச்சா வரும்போது கேக்காதுன்னு தெரிஞ்சேதான் வச்சேன்."

தனுஷ்கோடி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குந்தான் தெரியும் பாய். தெரிஞ்சுதான ஒவ்வொரு விலக்குலயும் நிப்பாட்டிக் கேட்டேன். எம்மக கூப்பிட்ட அன்னைக்கு நிக்கல."

ஹனீபா பாய் கூரையில் ஏறித் துளை போட்டார். கம்பியின் அடித்தட்டு தகரத்தை நன்றாகப் பிடிக்க உள்பக்கம் பெயிண்டைச் சுரண்டினார். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க நான் கொடுத்த ரப்பர் வாஷரை வைத்து முறுக்கினார். உதிர்ந்த இரும்புத் தூளை நவநீதகிருஷ்ணன் தன் மேல்துண்டாலேயே துடைத்தார். தாயின் தலையைத் துடைப்பதைப் போலத்தான் துடைத்தார். அன்றைக்குப் பிறகுதான் ஹனீபா பாய்க்கு வாய் சரியில்லாமல் போனது. அதன்பின் எந்த வேலையிலும் "கொஞ்சம்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆன்டெனா சரியாகப் பேசுகிறதா என்று பார்க்கப் பரளச்சி வரைக்கும் போய்வந்தோம். முன்னால் தனுஷ்கோடியும் ஹனீபா பாயும், பின்னால் நான். போகும்போது கேட்டது. திரும்பி ஊரைப் பார்த்து வரும்போதும் ராஜகுருவின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. ஹனீபா பாய் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டே வந்தார். வேலை இவ்வளவு சுத்தமாக அமைந்ததே அவருக்குத் தாங்க முடியாமல் இருந்திருக்க வேண்டும்.

தன் ஊர் விலக்கு வந்ததும் தனுஷ்கோடி வேகத்தைக் குறைத்தார். வண்டியை மெதுவாக வளைத்து, அருப்புக்கோட்டைக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, இனிமே திருப்ப வேண்டியதில்லண்ணே. வாரப்பவும் கேக்குது" என்றார் ஹனீபா பாய்.

"தெரியும் பாய்" என்று சொல்லிவிட்டுத் தனுஷ்கோடி மைக்கை எடுத்தார்.

"ராஜகுரு, எங்கூரு விலக்குல நிக்கிறேன். எங்க வீட்டுலருந்து ஏதும் போன் வந்துச்சா?"

"இல்லண்ணே. நீங்க வாங்க" என்றான் ராஜகுரு. தெளிவாகக் கேட்டது. ஹனீபா பாய் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழுதார். தனுஷ்கோடி மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, வண்டியை மறுபடி ஊர்ப் பக்கம் திருப்பினார்.