ஈரத்துணி காட்டிய இடம்

அந்தக் காலத்துக் கிரேக்க நாட்டுக் கோஸ் தீவில் தடுக்கி விழுந்தால் ஒரு வைத்தியர் மேல்தான் விழ வேண்டும். அத்தனை பேர் இருந்து என்ன, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவர் திமாண்ட்ரோஸ் ஒருவர்தான். வாய்ஜாலம் தெரியாத மனுஷன். நோயாளியின் வியர்வையை முகர்வார், சிறுநீரை நாக்கில் தொட்டு வைத்துப் பார்ப்பார், பாதிப் பேருக்கு வாற்கோதுமைக் கஞ்சியைக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். “வாங்க கஞ்சி வைத்தியரே!” என்று துறைமுகத்தில் கிண்டல் பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். கத்தி எடுக்க மட்டும் அவருக்குப் பயம். முன்பு இடம் தவறிக் கீறியதில் ஒருவன் செத்தே போனான்.

துடுப்புக்காரன் லாக்கோனுக்கு நெஞ்சில் சீழ் கட்டி மூச்சு முட்டியபோது வேறு வழியில்லை. மெல்லிய துணியைச் செம்மண் குழம்பில் நனைத்து அவன் மார்பைச் சுற்றினார். உள்ளே சீழ் கொதிக்கிற இடத்தில் துணி முதலில் காயும். அங்கேதான் கீற வேண்டும். புண் கழுவ மது சுடவைக்க அடுப்படிக்குப் போனார்.

திரும்பி வந்தால் இடது பக்கம் காய்ந்து வெளுத்திருந்தது. கத்தியை எடுத்தார்.

“ஐயா, நிறுத்துங்க!” லாக்கோனின் மனைவி மெலித்தா அவர் கையைப் பிடித்துவிட்டாள். “நான்தான்... இவருக்கு வேர்க்குதேன்னு அந்தப் பக்கமா உக்காந்து விசிறிக்கிட்டே இருந்தேன்.”

“அடிப்பாவி! எம்புள்ளையக் கொல்லப் பாத்தியேடி!” மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நீங்க சும்மா இருங்கம்மா.” வைத்தியர் கத்தியைக் கீழே வைத்தார். துணியை அவிழ்த்து மறுபடி நனைத்துச் சுற்றினார். “தாயி, மொதல்ல அந்த விசிறியத் தூக்கி வெளிய போடு.”

இந்தத் தடவை வலது விலாவில் காய்ந்தது. கீறினார். கொடகொடவென்று சீழ் கொட்டியது. லாக்கோன் நன்றாக இழுத்து ஒரு மூச்சு விட்டானே, அதைக் கேட்டு மெலித்தா ஓவென்று அழுதாள்.

அவன் எழுந்து நடமாடியதும் அவள் குயவரிடம் ஒரு களிமண் மார்பு வாங்கிக்கொண்டு அஸ்கிளீப்பியஸ் சாமி கோயிலுக்குப் போனாள். குணமான உறுப்பைச் செய்து அங்கே மாட்டுவதுதான் ஊர் வழக்கம். அங்கே வைத்தியரும் எதையோ மாட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், ஒரு களிமண் வாய்.

“ஐயையோ, வாயில என்னங்கய்யா உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணுமில்ல தாயி. இது உன் வாய். மாமியா கிழிச்சுத் தோரணம் கட்டுவான்னு தெரிஞ்சும் தெறந்தியே! நீ மூடிக்கிட்டு இருந்திருந்தா அவன் போயிருப்பான். அதோட நானும் போயிருப்பேன்.”