துணைக்கு வந்த மதினி

என் மேசை மேல் ஒரு பழைய தண்ணீர் பாட்டில் இருக்கிறது. பாதி வரைக்கும் தண்ணீர், அதற்குள் தடித்த ஸ்ட்ரா ஒன்று. தேனியில் மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் இந்த மாடி அறைக்குப் பாட்டுக் கற்க வருகிற பிள்ளைகள் முதல் நாள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஸ்ட்ராவை வாயில் வைத்துத் தண்ணீருக்குள் 'ஊ' என்று குரல் கொடுத்துக்கொண்டே கீழிருந்து மேலே போக வேண்டும். குமிழி சீராக வந்தால் தொண்டை தளர்வாக இருக்கிறது என்று பொருள். ஏதோ ஓர் இடத்தில் குமிழி அறுந்தால் குரலுக்கு ஓய்வு வேண்டும், அன்றைக்குப் பாடக்கூடாது. இதைச் செய்து பார்க்க ஆளுக்கொரு புது பாட்டில் கொடுத்துவிடுவேன். மேசை மேல் இருப்பதை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. ஸ்ட்ரா நுழையத் துளை போட்ட அதன் மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கும். அது என் பாட்டில் இல்லை, என் மதினியுடையது.

மதினி என் அத்தை மகள். என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். அனுமந்தன்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டமும் அத்தை வீட்டுத் தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில். ஆறாம் வகுப்பிலிருந்து ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறிப் பெரியகுளம் போய்ப் பாட்டுக் கற்றவள் நான். அவள் கற்றதெல்லாம் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று தகர டின்னைத் தட்டி, தொண்டை கிழியக் கத்திக் கிளி விரட்டியதுதான். சென்னையில் ஒரு இசைக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தபோது, வயசுப் பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று அப்பா நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மதினி அப்போது பன்னிரண்டாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அவளையும் கூடவே சேர்த்துவிட்டால் ஆளுக்கு ஆள் துணை என்று அத்தையும் அப்பாவும் பேசி முடித்தார்கள். நுழைவுத் தேர்வில் அவளுக்குப் பாடவும் தெரியவில்லை, வாசிக்கவும் தெரியவில்லை. மேசையைத் தட்டிக் காட்டினாளாம், இடம் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சிரிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. அந்தக் கல்லூரியில் பாடுகிறவர்களும் தாளம் படிக்க வேண்டும், தாளம் படிப்பவர்களும் குரல் வகுப்புக்கு வர வேண்டும். ஆப்பிரிக்க ஜெம்பே, அரபு நாட்டுத் தர்புகா, மேலேயே உட்கார்ந்து தட்டுகிற மரப்பெட்டியான கஹோன் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார் தாள வாத்திய சார். ஒரு நாள் வலது கையில் மூன்று அடி, அதே நேரத்துக்குள் இடது கையில் இரண்டு அடி போடச் சொன்னார். நான் நோட்டில் கட்டம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மதினி எடுத்த எடுப்பில் போட்டாள். எங்கே கற்றாய் என்று சார் கேட்டார். "கிளி வெரட்டுறதுக்கு ரெண்டு டின்னுலயும் வேற வேற அடி அடிப்பேன் சார். ஒரே அடியா அடிச்சா கிளிக்குப் பழகிப்போயிரும்" என்றாள். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது.

தாளம் போனால் போகட்டும், குரல் என்னுடையது என்று இருந்தேன். அதிலும் வந்து விழுந்தாள். ஸ்ட்ரா பயிற்சியில் என் குமிழி எண்ணெய் வார்த்த மாதிரி ஒழுகும். அவள் ஊதினால் தண்ணீர் தெறித்து முகமெல்லாம் நனையும், முந்தானையால் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். ஆனால் வாயைத் திறந்து பாடினால், அந்தக் கத்திப் பழகின குரல் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வகுப்பில் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். குரல் பயிற்சி மேடம் என்னிடம், "உன்கிட்ட பிழையே இல்லம்மா" என்பார். அதைப் பெருமையாக அப்பாவுக்குப் போனில் சொன்னவள் நான். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்பதைத்தான் மேடம் அப்படிச் சொல்லியிருக்கிறார் என்பது உறைக்க எனக்குப் பல வருடம் பிடித்தது.

இரண்டாம் ஆண்டு முடிவில் கல்லூரியின் பெரிய கச்சேரி. பன்னிரண்டு பேர் தாளம் வாசிக்க, அதன் மேல் சொற்கள் இல்லாமல் ஒரே ஒரு குரல். அந்த ஓர் இடத்துக்காக நான் இரண்டு வருடம் குளிர்ந்த தண்ணீரைத் தொடவில்லை, ஊறுகாய் தொடவில்லை. சார் மதினியைச் சொன்னார். வாசித்துக்கொண்டே பாட அவளால்தான் முடியும் என்றார். துணைக்கு வந்தவள் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து, "ரொம்பச் சந்தோசம் மதினி" என்றேன். அப்படிச் சொன்ன என் வாயை இன்றைக்கும் நான் மெச்சுகிறேன். அவ்வளவு சுத்தமாக வந்தது.

கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னால் அவளுக்குச் சளி பிடித்தது. குரலில் ஒரு கரகரப்பு ஏறியது. ஒத்திகையில் அதைக் கேட்டுவிட்டு எல்லோரும் அது இன்னும் அழகாக இருக்கிறது என்றார்கள். மேடம் இருந்திருந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார், அவரோ ஏதோ விசேஷம் என்று சொந்த ஊருக்குப் போயிருந்தார். கச்சேரி அன்று காலை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து மதினி அந்த பாட்டிலை எடுத்து ஊதினாள். கீழே சரியாக இருந்தது. மேலே போகப் போக ஓர் இடத்தில் குமிழி அறுந்தது. மறுபடி ஊதினாள், அதே இடத்தில் அறுந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம் ஊருக்குப் போயிட்டாக. நீதேன் இதையெல்லாம் நல்லாப் படிச்சவ. பாடலாமா, சொல்லு."

எனக்குத் தெரியும். அந்த விடுதியிலேயே எனக்கு மட்டும்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். நான் தலை வாரிக்கொண்டே, "நல்லாத்தேன் இருக்கு மதினி, பாடு" என்றேன்.

பாடாதே என்று சொல்லியிருந்தால், அவள் இடத்தைப் பிடிப்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள், அதனால்தான் தடுக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். மேடையில் அவள் குரல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பிசிறடிக்க வேண்டும், அதை அத்தனை பேரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் நடக்கவில்லை. பிசிறே இல்லாமல் பாடினாள். கடைசியில் தாளத்தையெல்லாம் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் மேலே ஏற்றி அங்கேயே நிறுத்தினாள் பாருங்கள், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா அழுதுகொண்டிருந்தார். நான் கை தட்டினேன். உள்ளங்கை வலிக்கும் வரை தட்டினேன்.

மறுநாள் காலையில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப் போனார். மதுரையில் டாக்டர் குரல் நாணில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொல்லி, மூன்று மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்றுவிட்டார். மூன்று மாதம் கழித்துக் கீழ்க் குரல் வந்தது. மேல் குரல் வரவே இல்லை. திரும்பி வந்தவள் பாட்டை விட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். பழைய அறை ஜன்னலில் விட்டுப் போன பாட்டிலை அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இப்போது அவள் கம்பத்தில் இருக்கிறாள். குமுளி தாண்டிக் கேரளாவில் எந்தக் குழுவுக்குத் தர்புகா வேண்டுமென்றாலும் அவளுக்குத்தான் போன் வருகிறது. போன வாரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் அவள் வாசிக்கிற வீடியோவை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். அவள் என் சொந்தக்காரி என்று நான் சொல்லவில்லை. குரலையே பறிகொடுத்தவளைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரியுமா என்று கேட்டால், எரியும், எனக்கு எரிகிறது.

இந்தச் சித்திரையில் தேனிக்குத் துணி எடுக்க வந்தவள் மாடி ஏறி என் அறைக்கு வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். என்னவோ தோன்றி, இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். குமிழி அறுந்ததைப் பார்த்தும் தெரிந்தேதான் பாடச் சொன்னேன் என்றேன். அழுவாள், இல்லை திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கே தெரியும்த்தா, அறுந்த எடம். நீ வேண்டாம்னு சொல்லிருந்தாலும் பாடிருப்பேன். அன்னைக்கு என்னைய யாரு நிப்பாட்டிருக்க முடியும்?"

"பெறகு எதுக்கு எங்கிட்டக் கேட்ட?"

"நீ நல்லாருக்குன்னு சொன்னா ஒரு தெம்பு. அதுக்குத்தேன். துணைக்கு நீ இருந்தேல்ல."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ராப்பகலாகச் சுமந்த பாவம், அவள் கணக்கில் ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் குரலைக் கெடுத்தவள் என்கிற இடத்தைக்கூட எனக்குத் தரவில்லை.

மேசையில் இருந்த பாட்டிலை அப்போதுதான் பார்த்தாள். மூடியின் சிவப்புப் பொட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் ஸ்ட்ராவை வாயில் வைத்து ஊதினாள். தண்ணீர் தெறித்து மேசையெல்லாம் நனைந்தது. குரல் கீழிருந்து ஏறியது, ஏறியது, ஓர் இடத்தில் குமிழி நின்றது. "இம்புட்டுத்தேன் போகுது" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாட்டிலின் மேல் விரல்களால் தட்டத் தொடங்கினாள், வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு. கீழே மளிகைக் கடை வாசலில் யாரோ பேச்சை நிறுத்திவிட்டு மேலே அண்ணாந்து பார்ப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

அவள் குரல் நின்ற அந்த இடத்துக்கு மேலே நான் இன்னும் நாலு சுரம் போவேன். பிழையே இல்லாமல் போவேன். இதுவரை யாரும் என்னைப் போகச் சொன்னதில்லை.