கம்பளத்தை விட்டு இறங்கும் விதி

வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பெயர். கடிகாரமோ மிதிவண்டி மணியோ, எதைக் கையில் கொடுத்தாலும் பின்பக்கத்தைத் திறந்துதான் பார்ப்பாள். அந்த நோண்டி படித்து நாடாளுமன்றத்தில் எழுத்தர் ஆனபோது தெருவே வாயைப் பிளந்தது. தையல் கடை வைத்திருந்த அக்காவுக்கு மட்டும் வியப்பில்லை. "என் தங்கச்சி, அரசாங்கக் கட்டடத்தையெல்லாம் மேற்பார்வை பார்க்கிற குழுவுல இருக்கா" என்று அளவு எடுத்துக்கொண்டே சொல்வாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள்.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. உறுப்பினர்கள் கட்டடம் பார்க்கப் போனால் ஒப்பந்தக்காரர் வாசலிலிருந்தே சிவப்புக் கம்பளம் விரித்து வைப்பார். கம்பளம் போகிற வழியில் எல்லோரும் போவார்கள். அது முடிகிற இடத்தில் நாற்காலியும் குளிர்பானமும் இருக்கும். குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள்.

புதிய மருத்துவமனையைப் பார்க்கப் போன அன்று நோண்டியின் செருப்பு வார் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஒதுங்கியவள் பக்கத்திலிருந்த கதவைத் தள்ளினாள். கதவில் 'பிரசவ அறை' என்று பலகை. உள்ளே தரையே போடவில்லை. சுவரில் விரல் நுழைகிற விரிசல்.

அதை அறிக்கையில் எழுத வழியில்லை. காட்டிய இடங்களைப் பற்றி மட்டுமே எழுதலாம் என்பது பழைய விதி. அன்று அவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

"அந்த ரூமுலதான்க்கா ஒருத்தி பிள்ளை பெத்துக்கணும்."

நல்லவேளை, விதிகளைத் திருத்தும் வேலை அப்போது அவள் மேசையில்தான் இருந்தது. குழுத் தலைவியிடம் அனுமதி வாங்கி வரைவில் ஒரு வரி சேர்த்தாள்: எந்த வழியாகப் போவது என்பதைக் குழுவே அங்கே முடிவு செய்யும், பார்த்தது எதையும் எழுதலாம்.

"தலையில கல்லு விழுந்தா யாரு பொறுப்பு?" என்று துறைப் பொறியாளர் எகிறினார். நியாயமான கேள்விதான் என்று நோண்டி ஒப்புக்கொண்டாள். தலைக்கவசம் கட்டாயம், ஆபத்து என்று தடுத்தால் துறை காரணத்தை எழுதித் தர வேண்டும், அப்போதும் வாசலில் நின்று பார்க்கலாம் என்று சேர்த்தாள்.

"எல்லாப் பக்கமும் தைச்சுட்டியேடி, மூச்சு விட இடம் வெச்சியா?" என்றாள் அக்கா.

"மூச்சு விட வெச்சிருக்கேன். நழுவிப் போகத்தான் இடமில்ல."

குழுத் தலைவிக்கு முழங்கால் வலி. கம்பளத்தில் நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. "நடக்க முடியாத விதி எதுக்கு? ஓட்டுக்கு விடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை நடந்து பார்த்துடுவோம்" என்றார். அதே மருத்துவமனை. பாதியில் அவர் முடியாது என்று உட்கார்ந்துவிட்டால் அந்த வரி அங்கேயே செத்துவிடும்.

அன்று முழுக்க அக்காவுக்கு வேலை ஓடவில்லை. ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துப் பிரித்தாள். சாயங்காலம் நோண்டி கடைக்குள் நுழைந்ததும் அக்காவின் கண் கீழேதான் போனது. காலையில் தேய்த்துக் கொடுத்த கறுப்புக் கால்சட்டை, முழங்கால்வரை சிமெண்ட்.

"நடந்துட்டாங்களா?"

"ஒப்பந்தக்காரர் 'இப்படி வாங்கம்மா'ன்னு கம்பளத்தைக் காட்டினாரு. தலைவியம்மா என்னைப் பார்த்து, 'எந்தப் பக்கம்?'னாங்க."

"சொல்லிட்டியா?"

"எப்படிக்கா சொல்றது? குழுதான் முடிவு பண்ணணும்னு எழுதினவளே நான். 'நீங்கதாம்மா சொல்லணும்'னுட்டேன்."

தலைவி சுற்றிலும் பார்த்தாராம். "அப்ப கம்பளம் எங்க போகலையோ அங்க போவோம்" என்று நோண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாராம். ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போய்ப் பிரசவ அறை வாசலில் நின்றாராம். பிறகு, "நாற்காலியையெல்லாம் இந்த வாசலுக்குக் கொண்டாங்க. கூட்டத்தை இங்கேயே வெச்சுக்கலாம்" என்றாராம். புது விதியை ஓட்டுக்கு விட்டதும் ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கையும் உயர்ந்தது. தரை போட்டு, சுவரை இடித்துக் கட்டிய பிறகே திறப்பு என்று அறிக்கையிலும் ஏறிவிட்டது.

அக்கா துணி துலக்கும் பிரஷைத் தேடி எடுத்தாள்.

"சிமெண்ட் காய்ஞ்சா போகாது, கழட்டிக் குடு. அப்படியே கீழ்மடிப்பையும் கொஞ்சம் ஏத்தித் தைச்சிடறேன். இனிமே நீ கம்பளத்துல நடக்கப்போறதில்லையே."